அழைப்பவர் என்கிற இடத்தில்

ஐயா,

நேற்று போனில் "வெறும் டெக்ஸ்ட்தானம்மா, அந்த எடத்துல பெரியப்பா பேரையே போட்ருவோம்" என்று நீ சொன்னபோது கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அதனால் ஒன்றும் பேசாமல் போனை வைத்தேன். அம்மா சம்மதித்துவிட்டாள் என்று நினைத்து நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். நான் சம்மதிக்கவில்லை. அதைப் போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங் வந்துருச்சும்மா" என்று நழுவிவிடுவாய். பெங்களூருக்குப் போன பிறகு நீ நன்றாகக் கற்றுக்கொண்ட வித்தை அது. கடிதத்தில் நழுவ முடியாது. முழுதாகப் படி, சாப்பிட்டுவிட்டுப் படி.

விஷயம் ஒன்றுதான். ஆவணியில் உன் கல்யாணம். அழைப்பிதழில் அழைப்பவர் என்று போடுகிற இடத்தில் யார் பெயர் வர வேண்டும்? உன் அப்பா இருந்திருந்தால் இந்தக் கேள்வியே கிடையாது. அவர் பெயரும் பக்கத்தில் என் பெயரும் வந்திருக்கும். நீ எட்டாவது படிக்கும்போது தூத்துக்குடி ரோட்டில் லோடோடு லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடியே அவர் போய்விட்டார். அப்படி அப்பா இல்லாத வீட்டுக் கல்யாணத்துக்கு, நம் பக்கத்தில் பெரியப்பாவோ சித்தப்பாவோதான் அழைப்பார்கள். பெற்றவள் உயிரோடு, கல்லுக்குண்டு மாதிரி இருந்தாலும், கார்டின் அடியில் "மற்றும் உற்றார் உறவினர்" என்று ஒரு வரி வருமே, அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிடிபி கடை வைத்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கல்யாணக் கார்டு அடித்துக் கொடுப்பவள் நான். பிள்ளையாரும் வாழை மரமும் போட்ட வெறும் கார்டு சிவகாசியிலிருந்து வந்துவிடும். அதில் பெயர் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்பில்தான் நீ படித்தாய்.

ஆகவே டெக்ஸ்ட் என்றால் வெறும் சங்கதி என்று என்னிடம் சொல்லாதே. அது வெறும் சங்கதி இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். ஆட்கள் வாட்ஸப்பில் சொந்தக்காரர் பெயரையெல்லாம் ஒரே மூச்சில் அனுப்புவார்கள். கமா இருக்கும், இருக்காது. ஒரே பெயர் இரண்டு தடவை வரும். அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப டைப் அடித்து எனக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. லீவில் வந்த நீ அதைப் பார்த்துவிட்டு, "பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை இருக்கு, கத்துக்கோம்மா, பெயரையெல்லாம் அதுவே வெட்டி ஒட்டிக் குடுத்துரும்" என்றாய். உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு, "இந்த வயசுல எங்கக்கா கம்ப்யூட்டர் படிச்சுக் கலெக்டராகப் போகுது" என்று சிரித்தாள். அவள் சிரித்ததுதான் சாக்கு. நான் படித்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பாடம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு உள்ளே எதை வைத்தாலும் அது எழுத்துச் சரம் என்றாய். ஐந்து என்ற எண்ணைச் சும்மா வைத்து இன்னொரு ஐந்தோடு கூட்டினால் பத்து வரும். அதே இரண்டு ஐந்தையும் மேற்கோளுக்குள் வைத்துக் கூட்டினால் ஐம்பத்தைந்து என்று வந்து நிற்கும். ஐந்தும் ஐந்தும் ஐம்பத்தைந்தாம், இதற்கா உனக்கு இவ்வளவு சம்பளம் என்று நான் சண்டைக்கு வந்தேன். "அது கணக்குப் போடலம்மா. ஒன்னு பக்கத்துல ஒன்ன வச்சுக் கட்டுது, பூக்கட்டுற மாதிரி" என்றாய். அதற்குப் பிறகு எனக்குக் குழப்பமே வரவில்லை. சரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இடம். இடத்தை எண்ணுவது ஒன்றிலிருந்து இல்லை, பூஜ்யத்திலிருந்து. பூஜ்யமாவது இடத்தில் இருப்பதுதான் தலை எழுத்து. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

நீளம் கேட்டபோதுதான் திரும்ப ஒரு சண்டை வந்தது. "முத்து" என்று கொடுத்து நீளம் கேட்டால் ஆறு என்கிறது உன் கம்ப்யூட்டர். மூன்றெழுத்துப் பெயரை ஆறு என்கிற சனியனை நம்பி நான் எப்படிக் கார்டு அடிப்பது என்று கேட்டேன். கொம்பையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது என்று விளக்கினாய். "புள்ளியக்கூட விடாதா?" என்றேன். "புள்ளி, கமா, சும்மா விட்ட எடைவெளி, எதையும் விடாதும்மா. நம்ம கண்ணுக்குத் தெரியாட்டியும் அது எண்ணிரும்" என்று பெருமையாகச் சொன்னாய், என்னவோ அதை நீயே பெற்று வளர்த்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக்குக்கூடக் கணக்கு உண்டு என்று எனக்குப் பாடம் எடுத்த பிள்ளைக்கு, பெற்றவளின் பெயர் விடுபட்டுப் போவது வெறும் டெக்ஸ்ட் ஆகிவிட்டது. நன்றாக இருக்கிறதய்யா உன் நியாயம்.

அப்புறம் ரிப்ளேஸ். ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிற கட்டளை. முதல் தடவை நான் அதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பழைய பெயர் அசையாமல் அப்படியே இருந்தது. உன் ஆபீஸ் நேரத்தில் போன் போட்டுக் கத்தினேன். "சரத்த மாத்த முடியாதும்மா, அதோட குணம் அது. மாத்தச் சொன்னா, மாத்துன மாதிரி புதுசா ஒன்னு செஞ்சு கையில குடுக்கும். நீ அத வாங்கி வைக்கல. பழசு பழசாத்தான் இருக்கும்" என்றாய். வாங்கி வைக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட வேகத்தில் செய்த கூத்துதான் பந்தல்குடிக்காரர் கார்டு.

அவர் விவசாயம் பார்க்கிற சம்சாரி, வெள்ளை வேட்டி, மெதுவாகப் பேசுகிறவர். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரை வெறும் மாரி என்று எழுதிவிட்டோம், மாரியப்பன் என்று முழுசாகப் போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் கார்டு முழுவதற்கும் ஒரே அடியாக, மாரி இருக்கிற இடத்தில் மாரியப்பனை வை என்றேன். அது மாரியைக் கண்ட இடத்திலெல்லாம் வைத்தது. மாரிமுத்து மாரியப்பன்முத்து ஆனார். மாரிச்சாமி மாரியப்பன்ச்சாமி ஆனார். உச்சியில் மாரியம்மன் துணை என்று இருந்தது, மாரியப்பன்யம்மன் துணை ஆனது. நான் தாய்மாமன் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்கு விட்டுவிட்டேன். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தா, ஆத்தாளயே ஆம்பளயா மாத்திப்புட்டியே. இனி எங்க ஊருப் பக்கம் மழ எட்டிப் பாக்குமா?" அதைக் கேள்விப்பட்டு அவர் ஊரிலிருந்து ஆட்கள் வந்து, என் கடை வாசலில் நின்று அந்தக் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் எல்லாவற்றையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், கூடவே கோபமும் வரும். அம்மனை எடுத்துவிட்டு ஓர் ஆண் பெயரை வைத்ததும் ஓர் ஊரே கடை வாசலுக்கு வந்தது. பெற்ற அம்மாவை எடுத்துவிட்டு ஓர் ஆண் பெயரை வைக்கிற கார்டுகளை நான் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அடித்துக் கொடுத்தேன். அதற்காக ஓர் ஆள்கூட வந்து வாசலில் நின்றதில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கேட்டதால், அதற்கென்று நாம் ஒரு விதியே எழுதி வைத்திருந்தோம். நான் கேட்டேன், நீ எழுதினாய். ஒரு சரம் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று பார்க்கிற கட்டளை, ஸ்டார்ட்ஸ்வித். இறந்தவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போடுவோம் அல்லவா, அப்பா பெயர் அந்தச் சொல்லில் தொடங்கினால் அழைப்பவர் இடத்திலிருந்து அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து எடுத்துவிட்டுப் பெரியப்பாவையோ சித்தப்பாவையோ வை என்பது விதி. சொன்னதைக் கம்ப்யூட்டர் செய்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன தையில் எம்.ரெட்டியபட்டியிலிருந்து முத்துராக்கு வந்தாள். பருத்தி எடுக்கப் போய்ப் போய் மகளை நர்சிங் படிக்க வைத்தவள். கூட அவள் கொழுந்தனும் வந்திருந்தார். பெயர்களை அவர் தன் போனிலிருந்து அனுப்பினார். அவர் தட்டியதில் தெய்வத்திரு என்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. ஓரத்து இடைவெளியைத் துடைத்துவிட ஸ்ட்ரிப் என்று ஒரு கட்டளை இருக்கிறதே, எல்லாப் பெயருக்கும் அதைப் போட்ட நாம் அந்த ஒரு வரியில் மட்டும் போடாமல் விட்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் பார்த்தது. இந்தச் சரம் தெய்வத்திருவில் தொடங்கவில்லை, இடைவெளியில் தொடங்குகிறது. அப்படியானால் பெண்ணின் அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அழைப்பவர் இடத்தில் இறந்தவர் பெயரையும் பக்கத்தில் முத்துராக்கு என்றும் வைத்துவிட்டது.

சரிபார்க்கக் கொடுத்த தாளைப் பார்த்ததும் கொழுந்தன் பதறிவிட்டார். "யக்கா, தப்பா விழுந்துருக்கு. அண்ணன் போயிச் சேந்துட்டாகள்ல. அந்த எடத்துல எம்பேரு வரணும்." நான் சரி என்று மவுஸைப் பிடித்தேன். அந்த இடைவெளியை ஒரு தட்டில் எடுத்துவிடலாம், விதி தன் வேலையைப் பார்த்திருக்கும். அதற்குள் முத்துராக்கு அவர் கையிலிருந்து தாளை வாங்கினாள். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தன் பெயரில் விரலை வைத்தாள்.

"இது நானா?" என்றாள் என்னைப் பார்த்து.

"நீதான் ஆத்தா."

"நாந்தே எல்லாரையும் கூப்புடுறேன்னு போட்டுருக்கா?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும்."

கொழுந்தன் சிரித்துச் சமாளித்தார். "மதினி, தப்பா விழுந்ததப் போயி இருக்கட்டுங்கிறீக. வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல?"

"தப்பா விழுந்தாலும் சரியாத்தான விழுந்துருக்கு" என்றாள் அவள். சத்தம் போடவே இல்லை. "எம்மகளுக்கு நாந்தே வெயில்ல நின்னேன். கூப்புடுறதும் நானே கூப்புடுறேன். ஒங்க அண்ணன் பேர மட்டும் மேல ஏத்திருங்க, மகள்னு போடுற எடத்துல."

என் கை மவுஸிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் சொன்னபடியே அடித்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்கும் போனேன். வழக்கம் பேசிய கொழுந்தன் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயாசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வானம் அப்படியேதான் இருந்தது. திரும்பி வந்து அந்த விதியைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அப்பா இல்லையென்றால் அம்மா பெயர் அந்த இடத்திலேயே இருக்கும். வேண்டாம் என்கிறவர்கள் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லட்டும், என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், பிறகு எடுக்கிறேன். சிலர் சொன்னார்கள், எடுத்தேன். பலர் தாளைப் பார்த்துவிட்டு, திருத்தச் சொல்லாமலே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். உன்னிடம் இதைச் சொன்னபோது நீ என்ன அனுப்பினாய்? "சூப்பர்ம்மா" என்று எழுதி ஒரு கட்டைவிரல் அனுப்பினாய். முத்துராக்குக்குக் கட்டைவிரல், உன் அம்மாவுக்குப் பெரியப்பா. எனக்கு வலித்ததய்யா. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் பெரியப்பா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அப்பா இறந்த அன்றைக்கு ரோட்டுக்கு ஓடி வந்து, லாரியிலிருந்து தம்பியைத் தன் தோளில் இறக்கியவுக அவுக. அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். முந்தாநாள் கடைக்கே வந்தாக. நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "ஏம்மா, நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல? நீ கூப்பிட்டா, இவன் எங்க போனான்னு சபையில என்னயத்தான கேப்பாக?" என்றாக. எனக்கு அவுக கஷ்டம் புரிந்தது. "நீங்க நூறு வருசம் இருக்கணும் மாமா. முன்னிலைன்னு ஒங்க பேருதான் கார்டுல மொதல்ல வரும். மணையில அவன் பக்கத்துல நிக்கப்போறதும் நீங்கதான். ஆனா எம்மகன் கல்யாணத்துக்கு வாங்கன்னு நாந்தான் கேப்பேன்" என்றேன். பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "பய ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டாக. நான் டம்ளரை வாங்கி வைத்தேன். ஆமாம் என்று என்னால் சொல்ல முடிந்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். நீ நேற்றுப் போன் பண்ணி அவுக கேட்டதற்குப் பதிலைச் சொல்லிவிட்டாய்.

திருச்சுழிச் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும் என்கிறாய். வரட்டுமே. விதவை கூப்பிட்ட கல்யாணம் என்று யாராவது மூலையில் முணுமுணுப்பார்கள். பசித்ததும் பந்திக்கு வந்துவிடுவார்கள். உன்னிடம் எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. நாளைக்கு உன்னை நம்பி ஒரு பெண் வந்து, ஏதோ ஒன்று தனக்குச் சரியாகப் படவில்லை என்று உன்னிடம் சொல்வாள். அப்போது "வெறும்" என்கிற அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுபோகாதே. வெறும் பேர்தானே, வெறும் பேச்சுதானே, வெறும் ஒருநாள் கூத்துதானே என்று நீ ஆரம்பித்தால் அவள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பாள். நல்லவளாக இருந்தால் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பாள். நீயும் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருப்பாய். இதற்கு மேல் கல்யாணப் புத்தி சொல்ல எனக்குத் தெரியாது. நானும் உன் அப்பாவும் சேர்ந்து வாழ்ந்ததே கொஞ்ச காலம்தான், அதிலும் பாதி நாள் அவர் லாரியில் இருந்தார்.

இனி செய்தியைச் சொல்கிறேன். கார்டு அடித்தாகிவிட்டது. இன்று காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அடித்தேன். கட்டுக்கட்டாக மேஜை மேல் இருக்கிறது, மை காய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் கார்டை நானே கொண்டுபோய்க் குலசாமி காலடியில் வைக்கப் போகிறேன். இரண்டாவது உன் பெரியப்பாவுக்கு, வீட்டுக்கே போய்க் கையில் கொடுப்பேன். உனக்கு இது பிடிக்கவில்லையென்றால் வேறொரு கார்டு புதிதாகச் செய்துகொள், அங்கே பெங்களூரில் கடைகளா இல்லை? ஆனால் நீயே சொன்னாயே, புதிதாக ஒன்று செய்தாலும் பழசு பழசாகத்தான் இருக்கும் என்று. இது மாறாது. இது என் கடையில் அடித்தது.

கல்யாண மாப்பிள்ளைக்கே அழைப்பிதழ் வைக்கிற வழக்கம் நம் ஊரில் இல்லை. நான் வைக்கிறேன். உனக்கென்று ஒரு கார்டைத் தனியாக எடுத்து மஞ்சள் தடவி, இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். பிரித்ததும் பிள்ளையாரைப் பார்க்காதே, முகூர்த்த நேரம் பார்க்காதே. நேராக அழைப்பவர் என்கிற இடத்தைப் பார். இத்தனை வருசத்தில் என்னை இந்த ஊர் டிரைவர் பொண்டாட்டி என்றது, டிடிபி அக்கா என்றது, உன் பெயரைச் சொல்லி உன் அம்மா என்றது. நீ ஸ்கூல் ஃபாரத்தில் எழுதியதற்குப் பிறகு என் சொந்தப் பெயரை எங்கேயாவது பார்த்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்துக் கூட்டிப் படி. புள்ளியையும் விடாமல் படி.

ஆவணி மாதம், உன் கல்யாணத்துக்கு, அவசியம் வந்துவிடு என்று உன்னை அழைக்கிறேன்.

பேச்சியம்மாள்